தலைச்சீராவும் ஹெல்மெட்டும்: கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் நான் வழக்கமாகச் சாயா குடிக்கிற கடையில் ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "சாரே, இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். தலைக்கவசம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், பழம்பொரி வாங்க நின்றிருந்த ஒரு பாட்டி, "தலைச்சீரா, மக்களே. வேதப் பொஸ்தகத்துல உண்டு" என்றார். கடையில் இருந்த பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் "ஆமா, ஆமா" என்றார்கள். அன்றைக்குத் தொடங்கிய பேச்சு கேள்விகளாக என் போனில் வந்து குவிந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். ஒரு சொல்லைக் கண்டால் அதன் ஊரும் பேரும் விசாரிக்காமல் விடமாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவி: சார், ஹெல்மெட் ஆங்கிலச் சொல் என்று தெரியும். அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது?

பிரான்சில் இருந்தது, மக்களே. 15ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரருக்கும் அது சொந்தச் சரக்கு இல்லை. பிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தார் அந்த நாட்டைப் பிடித்தபோது கூடவே கொண்டுவந்த சொல் 'ஹெல்ம்'. அதன் வாலில் பிரெஞ்சுக்காரர் 'எட்' என்று ஒரு துண்டை ஒட்டினார்கள். 'எட்' என்றால் சின்னது. போர்வீரர்கள் பழைய நாளில் வாளியைக் கவிழ்த்தது போல முழுத்தலையையும் மூடிப் போட்டிருந்தது ஹெல்ம். அதைவிடச் சிறியதாக, இலேசாகச் செய்தது ஹெல்மெட்.

பாக்கெட், லாக்கெட் எல்லாவற்றிலும் இருப்பது இதே வால்தான். புல்லட்டிலும் உண்டு: பிரெஞ்சில் உருண்டைக்கு 'பூல்', சின்ன உருண்டைக்கு 'பூலெட்', அதுதான் புல்லட். ஆக, மார்த்தாண்டம் மேம்பாலத்தில் புல்லட்டில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அதிர அதிரப் போகிற அண்ணன்மார் கோபிக்கக் கூடாது. சொல்லின்படி பார்த்தால் அவர்கள் ஒரு குட்டி உருண்டையில் ஒரு குட்டிக் கவசத்தோடு போகிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், இந்தோ ஐரோப்பிய மொழிகளுக்கெல்லாம் தாய் என்று அறிஞர்கள் மீட்டெடுத்த மிகப் பழைய மொழியில் 'கெல்' என்று ஒரு வேர். பொருள்: மூடு, மறை. ஜெர்மானிய மொழிகளில் சொல்லின் முதலில் நிற்கும் க ஒலி ஹ ஆகிவிடும். அதனால் கெல் ஹெல் ஆயிற்று. ஹெல்ம் என்றால் மூடுவது, மறைப்பது. 'தலை' என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் எங்கேயும் கிடையாது, அது நாம் போட்டுப் போட்டு வந்து சேர்ந்த பொருள்.

ஆசாரிபள்ளம்: 'ஹெல்' என்றால் நரகம் ஆயிற்றே. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை வாயில் வந்து மோதுகிறதா?

சம்பந்தம் உண்டு. விளையாட்டாகக் கேட்டிருப்பீர்கள், ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. செத்தவர்கள் போய் மறைகிற, கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கிடக்கிற இடம் என்பதால் அது ஹெல். வடக்கு ஐரோப்பியரின் பழைய கதைகளில் பாதாளத்தை ஆளும் பெண்ணின் பெயரும் ஹெல்தான். ஆக, மறைத்துக் காப்பாற்றுவதும் மறைத்து விழுங்குவதும் ஒரே வேரில் முளைத்தவை.

கூரை போட்டு மூடிய இடம் 'ஹால்'. நம் வீட்டு ஹாலும் இந்தக் குடும்பம்தான். லத்தீனில் இந்த வேருக்குப் பிறந்தவை சிறைக்கூடத்தையும் உடம்பின் உயிரணுவையும் குறிக்கும் 'செல்', ஒளித்துவைப்பதைக் குறிக்கும் 'கன்சீல்'. கிரேக்கத்தின் 'கலூப்தோ', அதாவது மூடுகிறேன், என்பதையும் பலர் இதோடு சேர்ப்பார்கள். அந்தச் சொல்லின் முன்னால் 'அப்போ' சேர்த்தால் மூடியை எடுப்பது என்றாகிவிடும். அப்போகலுப்சிஸ். வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்துக்குக் கிரேக்கத்தில் அதுதான் பெயர். தமிழில் வெளிப்படுத்தின விசேஷம் என்று போட்டவர்கள் மூலத்தை அப்படியே பிடித்திருக்கிறார்கள்.

யூகலிப்டஸ் மரமும் இதே கிளையில்தான் தொங்குகிறது. 'நன்றாக மூடியது' என்று பொருள். அதன் மொட்டை எடுத்துப் பாருங்கள், மேலே ஒரு சின்ன மூடி இருக்கும். பூக்கும்போது மூடி கழன்று விழுந்துவிடும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் பூக்கிறது என்று சொல்லலாம்.

நாகர்கோவில், வடசேரி: நம் பழந்தமிழில் இதற்குச் சொல் கிடையாதா? தலைக்கவசம் என்பது நேற்று வந்ததுபோல் இருக்கிறதே.

கவசம் வடசொல். தலைக்கவசம் என்ற கூட்டு நமக்கு இப்போது பழகிவிட்டது, செய்தித்தாளில் தினமும் வருகிறது, அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. கந்த சஷ்டி கவசம் படித்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகவும் படாது.

ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல சொல் தருகிறேன்: மெய்ம்மறை. உடம்பை மறைப்பது, அதாவது உடற்கவசம். பதிற்றுப்பத்தில் சேர மன்னனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்றும் 'வில்லோர் மெய்ம்மறை' என்றும் புலவர்கள் அழைக்கிறார்கள். இங்கே சான்றோர் என்றால் போர்வீரர். வீரர்களுக்கு அவன் கவசம்போல முன்னால் நிற்பவன் என்று அர்த்தம். இப்போது ஆங்கிலத்தின் மிகப் பழைய காவியமான பேவுல்ஃபை எடுங்கள். அங்கே அரசனை 'ஸ்கில்டிங்குகளின் ஹெல்ம்' என்கிறார்கள். ஸ்கில்டிங்குகள் என்பது டேனியர்களின் அரச குலம். கடல் கடந்து இரண்டு மூலைகளில், ஒருவரை ஒருவர் கேள்விப்படாத இரண்டு கூட்டத்துப் புலவர்கள், அரசனை 'மறைப்பவனே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மெய்ம்மறை இருப்பதால் 'தலைமறை' என்று ஒரு சொல் செய்யலாமே என்று ஒரு காலத்தில் எனக்கும் தோன்றியது. செய்து பார்த்தால் தலைமறைவு வந்து குறுக்கே நிற்கிறது. போலீஸ் தேடுகிறவனுக்குப் போய்விட்ட சொல்லை இனி வண்டி ஓட்டுகிறவனுக்கு வாங்கித் தர முடியாது. இத்தனைக்கும், முகம் மூடிய ஹெல்மெட்டோடு கடைக்குள் நுழைகிறவர்களைக் கண்டால் இரண்டு பொருளும் பொருந்தத்தான் செய்கிறது.

கருங்கல், ஞாயிறு பள்ளி ஆசிரியை: தலைச்சீரா என்பதில் 'சீரா' என்றால் சிரம்தானே? அப்படியானால் தலை என்று இரண்டு முறை வருகிறதே சார்?

நல்ல சந்தேகம் டீச்சர். 'நடுசென்டர்' மாதிரி இருக்கிறது என்றுதானே நினைத்தீர்கள்? அப்படி இல்லை. சீரா என்பதற்குத் தமிழில் இரும்புச் சட்டை, போர்க்கவசம் என்று பொருள் உண்டு. வளையம் வளையமாகக் கோத்த கவசத்துக்குப் பாரசீகத்தில் 'ஜிரஹ்' என்று பெயர். குதிரைப்படைகளோடு அந்தச் சொல் தெற்கே இறங்கி சீரா ஆயிற்று என்று கொள்வதுதான் பொருத்தம். உடம்புக்குப் போட்டால் சீரா, தலைக்குப் போட்டால் தலைச்சீரா. கணக்கு நேராகிவிடுகிறது.

எபேசியருக்கு எழுதின நிருபம் 6ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தில் 'இரட்சணியமென்னும் தலைச்சீராவையும்' என்று வருவது உங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கும். கிரேக்க மூலத்தில் அங்கே 'பெரிகெஃபலாயா', அதாவது தலையைச் சுற்றி இருப்பது. கோலியாத் வருகிற இடத்தில் 'வெண்கலச் சீரா' என்று தலை இல்லாமலே வரும், ஆனால் தலையின்மேல் போட்டான் என்று வசனமே சொல்லிவிடுகிறது.

நம் மாவட்டத்தில் இந்தச் சொல்லை உயிரோடு வைத்திருப்பது கோயில்களும் ஞாயிறு பள்ளிகளும்தான். அட்டையில் தலைச்சீரா செய்து, வெள்ளிக் காகிதம் ஒட்டி, பிள்ளைகள் தலையில் மாட்டி நாடகம் போடாத ஊர் இங்கே குறைவு. பாட்டிக்கு அந்தச் சொல் நாக்கின் நுனியில் நின்றதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மயிலாடி: எங்கள் தாத்தா பெயர் வில்லியம். ஹெல்மெட்டுக்கும் அந்தப் பெயருக்கும் உறவு என்று என் மகன் எங்கேயோ படித்தானாம். உண்மையா?

உண்மை. வில்லியம் என்பதன் பழைய உருவம் வில்ஹெல்ம். 'வில்' என்றால் மன உறுதி, விருப்பம், 'ஹெல்ம்' நம் ஆள். இதே பெயர் பிரான்சில் கியோம், ஸ்பெயினில் கியெர்மோ என்று வேஷம் மாறும். ஆன்செல்ம் என்ற பெயரின் பின்பாதியிலும் ஹெல்ம் உட்கார்ந்திருக்கிறது.

மயிலாடிக்காரர் கேட்பதுதான் இதில் ருசி. 1806இல் உங்கள் ஊருக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே பிரஷ்யாக்காரர். அவருடைய முழுப்பெயர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே, ஜெர்மன் வாயில் வில்ஹெல்ம். இந்தப் பக்கத்தில் வில்லியம் என்ற பெயர் தாத்தாமாருக்கெல்லாம் பரவியதற்கு மிஷன் காலம்தான் காரணம். ஆக, ரோட்டில் ஹெல்மெட் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஞானஸ்நானப் பதிவேட்டில் வந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்மநாபபுரத்தில் இருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா பெயரில் உள்ள 'வர்மா' என்ன? வடமொழியில் வர்மன் என்றால் கவசம். அந்தச் சொல்லின் வேருக்கும் மூடு என்றுதான் பொருள். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன் என்ற பல்லவப் பெயர்களிலும் அதே கவசம். உங்கள் தாத்தா வில்லியமும் மகாராஜா வர்மாவும் அர்த்தத்தில் ஒரே அலமாரியில் தொங்குகிறார்கள்.

திருவட்டாறு, அடிமுறைச் சண்டைக்கலை படிக்கிறவன்: ஆசான் சொல்லித்தருகிற வர்மமும் அந்த வர்மாவும் ஒன்றா அண்ணா?

எழுத்து ஒன்று, ஆள் வேறு. அரசன் பெயரில் இருப்பது கவசம். ஆசான் சொல்லித்தருவது உயிர்நிலை, தட்டினால் ஆளைச் சாய்க்கிற இடம். வடமொழி மருத்துவ நூல்கள் அதை மர்மம் என்று சொல்லும். சுஸ்ருதர் 107 மர்மம் எண்ணியிருக்கிறார். நம் ஆசான்மார் கணக்கு 108: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. மகரம் வகரமாகத் திரும்பி மர்மம் வர்மம் ஆனதில், கவசமும் கவசம் இல்லாத இடமும் ஒரே சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. மொழி சில நேரம் வேண்டுமென்றே குறும்பு செய்வதுபோல்தான் இருக்கும்.

தலையிலிருந்து கழுத்துவரை மட்டும் 25 வர்மம் என்று உங்கள் ஆசான் சொல்லியிருப்பாரே. தம்பி, அடிமுறை வகுப்புக்கு வண்டியில்தான் போகிறாய் என்று நினைக்கிறேன்.

குளச்சல், விசைப்படகு ஓட்டுகிற ஸ்ராங்கு: படகைத் திருப்புகிறதையும் இங்கிலீஷில் ஹெல்ம் என்றுதான் சொல்கிறார்கள். தலையில் போடுகிறதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒரு சம்பந்தமும் இல்லை அண்ணே. எழுத்தில் ஒட்டிப்பிறந்த இரட்டையர் மாதிரி தெரியும், தாய் தகப்பன் வேறு வேறு. சுக்கானைத் திருப்புகிற கைப்பிடிக்குப் பழைய ஆங்கிலத்தில் 'ஹெல்மா'. கோடாலிக் காம்பைக் குறிக்கும் 'ஹெல்வ்' என்ற சொல்லோடுதான் அதற்கு உறவு. பிடி என்பதுதான் அடிப்படைப் பொருள், மூடி இல்லை.

நம் பக்கத்துச் சொற்களும் கடல்வழியாக வந்தவைதான். சுக்கான் அரபு. ஸ்ராங்கு என்று உங்களைக் கூப்பிடுகிறோமே, அது படைத்தலைவனைக் குறிக்கிற பாரசீகச் சொல்லான 'சர்ஹங்'கின் பேரன். பட்டம் பெரிதுதான்.

குளச்சல் என்றதும் 1741 ஞாபகம் வராமல் இருக்காது. டச்சுக்காரரைத் தோற்கடித்த கடற்கரை. பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் கிடக்கிறார். வெள்ளைக்காரரை நம் ஆட்கள் அந்தக் காலத்தில் 'தொப்பிக்காரர்' என்றுதான் சொன்னார்கள். தலைப்பாகை கட்டுகிற ஊரில் தொப்பி போட்டவன் தனியாகத் தெரிந்திருக்கிறான்.

முட்டம்: புயல் நேரத்தில் பாய்மர உச்சியில் தெரியும் வெளிச்சத்தைப் புனித எல்மோவின் தீ என்பார்களே. இத்தாலியனில் எல்மோ என்றால் ஹெல்மெட்டாமே?

இத்தாலிய எல்மோ ஹெல்மெட்தான். ஆனால் அந்தப் புனிதர் பெயர் எராஸ்முஸ். மாலுமிகள் வாயில் தேய்ந்து எல்மோ ஆகிவிட்டது. ஹெல்மெட்டைத் தேடிப் போய் அங்கே நிற்க வேண்டாம்.

ஆரல்வாய்மொழி: எங்கள் ஊர்க்காற்றில் ஹெல்மெட் போட்டால் தலையே பறக்கிறதுபோல் இருக்கிறது. காற்றுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஏதாவது உண்டா? சும்மா கேட்டேன்.

சும்மா கேட்டதற்குத்தான் நல்ல பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே கம்பிரியா என்ற பகுதியில் ஒரு மலைக்காற்றுக்குப் பெயரே 'ஹெல்ம் காற்று'. கிராஸ் ஃபெல் என்ற மலையின் உச்சியில் மேகம் தொப்பிபோல் கவிழ்ந்து உட்கார்ந்ததும் சரிவில் காற்று பேய்போல் இறங்கும். மலை ஹெல்ம் மாட்டிக்கொண்டது என்று பார்த்து ஊரார் வைத்த பெயர். அந்த நாட்டில் தனிப்பெயர் பெற்ற காற்று அது ஒன்றுதான் என்பார்கள்.

உங்கள் கணவாய்க் காற்று மலை இடுக்கில் நெருக்குண்டு வேகம் பிடிக்கிற காற்று, அது வேறு வகை. முப்பந்தலில் அவ்வளவு காற்றாலை நிற்பதும் அதனால்தான். ஆனால் மழைக்காலத்தில் மலை முகட்டில் மேகம் உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்க்கிறீர்கள். அதற்கு உங்கள் ஊரில் ஒரு பெயர் இருக்குமானால் எனக்கு எழுதுங்கள்.

துபாயிலிருந்து இரணியல்காரர்: சைட்டில் எங்களோடு நிற்கிற இந்தோனேசியர் 'ஹெல்ம்' என்று பாதியோடு நிறுத்துகிறார். மலேசியாவில் இருக்கிற என் மச்சான் 'தோப்பி கெலெடார்' என்கிறான். எது சரி?

இந்தோனேசியர் பாதியோடு நிறுத்தவில்லை. அவர்களை ஆண்டது டச்சுக்காரர், டச்சு மொழியில் இன்றைக்கும் ஹெல்ம்தான். பிரெஞ்சு ஒட்டிய வால் அங்கே போகவே இல்லை. நாம்தான் வாலோடு சேர்த்து வாங்கினோம். குளச்சலில் டச்சுக்காரர் ஜெயித்திருந்தால் நாமும் ஹெல்ம் என்று சொல்லிக்கொண்டிருப்போமோ என்னவோ! மலாய்க்காரர் சொல்லில் இருக்கிற 'தோப்பி' நம் தொப்பியின் உடன்பிறப்பு. கெலெடார் என்றால் எச்சரிக்கையாக, ஆயத்தமாக இருப்பது. எச்சரிக்கைத் தொப்பி. இதுவரை நான் கேட்டதில் பொருளை நேராகச் சொல்கிற பெயர் இதுதான்.

நீங்கள் சைட்டில் போடுகிற தொப்பிக்குத் தனிக்கதை. முதல் உலகப்போரில் துணித்தொப்பியோடு பதுங்குகுழிக்குள் இறங்கிய படைகளுக்கு 1915இல்தான் இரும்பு ஹெல்மெட் வந்தது. போருக்குப் போய்த் திரும்பிய புல்லார்ட் என்ற அமெரிக்கர் 1919இல் சுரங்கத் தொழிலாளிகளுக்காக ஒன்று செய்தார். கேன்வாஸ் துணியையும் பசையையும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, கறுப்புச் சாயம் பூசியது. வேகவைத்ததால் அதற்கு 'ஹார்ட் பாயில்ட்' என்று பெயர், நம் அவித்த முட்டைபோல. உங்கள் மஞ்சள் தொப்பிக்கு அதுதான் தாத்தா.

கன்னியாகுமரி, சங்குக் கடை வைத்திருப்பவர்: பழைய ஆட்கள் ஒரு பெரிய சங்கை 'ஹெல்மெட் ஷெல்' என்று வெளிநாட்டுக்காரரிடம் சொல்லி விற்பார்கள். பெயர் சரிதானா?

பெயர் சரி. லத்தீனில் ஹெல்மெட்டுக்கு 'காசிஸ்'. அந்தச் சங்கினத்துக்கு அறிவியல் பெயரே காசிஸ். கவிழ்த்து வைத்தால் பழைய ரோமானிய வீரன் தலையில் இருந்து கழற்றியதுபோலவே இருக்கும். ஐரோப்பாவில் இந்த இனத்துச் சங்குகளின் ஓட்டைச் செதுக்கித்தான் பெண் முகம் புடைத்து நிற்கிற 'கேமியோ' நகைகள் செய்தார்கள். மேலே வெளிர் அடுக்கு, கீழே கருத்த அடுக்கு, சுரண்டச் சுரண்ட முகம் வரும்.

ஆனால் அண்ணாச்சி, கொம்பு உள்ள பெரிய ரகம் இருக்கிறதே, அது 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏறியது. பழைய ஆட்கள் விற்றார்கள் என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்வோம்.

குலசேகரம்: என் தாத்தா வைத்திருந்த வெள்ளைக்காரத் தொப்பி, கல்மாதிரி தெரியும், தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும். அதுவும் ஹெல்மெட்டா?

அதுவும் ஹெல்மெட் வம்சம்தான். ஆங்கிலத்தில் 'பித் ஹெல்மெட்', பேச்சில் 'சோலா டோபி'. சோலா என்றால் சூரியன் என்று ஆங்கிலேயரே தப்பாக நினைத்துக்கொண்டு 'சோலார்' என்று எழுதிவைத்தார்கள். உண்மையில் அது ஷோலா என்ற நீர்ச்செடி. தமிழில் நெட்டி. குளத்திலும் சதுப்பிலும் வளரும், தண்டுக்குள் வெள்ளைவெளேர் என்று சோறு இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் நெட்டியைச் செதுக்கித்தான் கோபுரமும் மாலையும் செய்கிறார்கள். ரப்பர் எஸ்டேட் துரைமாருக்கு வெயில் மறைக்க அது போதும், அடி தாங்காது.

என் தாத்தாவிடம் அதுகூட இல்லை. கமுகம்பாளையை மடித்துத் தைத்து ஒரு தொப்பி வைத்திருந்தார். புதுப்பாளையில் ஒரு வாசம் வரும், இன்றைக்கும் எங்கேயாவது கமுகு வெட்டினால் எனக்குத் தாத்தா தலைதான் ஞாபகம்.

திங்கள்சந்தை: மண்டை, மண்டையோடு, ஓட்டுவீடு. எல்லாம் ஓடாக இருக்கிறதே. ஹெல்மெட்டையும் ஓடு என்று சொன்னால் என்ன?

சொல்லலாம், ஸ்பெயின்காரர் அப்படித்தான் சொல்கிறார். அவர்களுடைய 'காஸ்கோ' என்ற சொல்லுக்குப் பானையோடு, மண்டையோடு, ஹெல்மெட் மூன்றும் பொருள். லத்தீனில் 'தெஸ்தா' என்றால் பானை, ஓடு. அதிலிருந்துதான் இத்தாலியில் தலைக்கே தெஸ்தா என்று பெயர் வந்தது, பிரெஞ்சில் தேத். நம் மண்டையும் இதே வழிதான் வந்தது. சங்க காலத்தில் மண்டை என்றால் வாய் அகன்ற கலம். பிச்சைக்காரர் ஏந்துவதும் மண்டை. தலை பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. உலகம் முழுக்க மனுஷன் தன் தலையை ஒரு சட்டிக்கு மேல் மதிக்கவில்லை போலிருக்கிறது.

ஒரு விஷயம் கண்ணால் கண்டது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், சாலையில் கிடந்த மணலில் என் ஸ்கூட்டர் சறுக்கி, தலை பக்கவாட்டில் தரையில் போய் இடித்தது. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன், காது ஓரம் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். வெளியே ஹெல்மெட்டில் ஒரு கீறல்தான் தெரிந்தது. உள்ளே ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பார்த்தேன். தெர்மகோல் ஒரு இடத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு அமுங்கி, அதிலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல் மேலே ஓடியிருந்தது. என் மண்டையில் ஓட வேண்டிய விரிசல்.

தேங்காய்க்குக் கதம்பை வெளியே, சிரட்டை உள்ளே. ஹெல்மெட்டில் அதைத் திருப்பி வைத்திருக்கிறார்கள்: சிரட்டை வெளியே, கதம்பை உள்ளே. விழும்போது நசுங்கிக்கொடுப்பது கதம்பை. ஒரு தரம் நசுங்கியது திரும்ப எழாது, அதனால்தான் அடிபட்டதை மறுபடி போடக்கூடாது என்பது. அன்றைக்கே அதை மாற்றினேன். கொட்டையை மூடிய தோலுக்கு ஆங்கிலத்தில் 'ஹல்' என்று ஒரு சொல் உண்டு. அதுவும் அந்தக் கெல் வேர்தான்.

பத்மநாபபுரம்: வண்டிக்காரன் தலைக்கு ஹெல்மெட்டை ஏற்றியது யார்?

ஒருவர் என்று கையைக் காட்ட முடியாது. ஆனால் ஒரு சாவைக் காட்டலாம். அரேபிய லாரன்ஸ் என்று பேர்பெற்ற டி. ஈ. லாரன்ஸ் 1935 மே 13 அன்று மோட்டார் சைக்கிளில் விழுந்தார். தலையில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் ஒருவர். அதற்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் ஹெல்மெட்டின் அவசியத்தைக் கட்டுரையாக எழுதினார். பிரிட்டிஷ் ராணுவத்தில் தூதுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் தலையில் அது ஏறியது. உள்ளே நசுங்கிக்கொடுக்கும் அடுக்கு வைப்பது 1950களில் அமெரிக்காவில் வந்தது. நம் தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் கறாராக்கினார்கள், அந்த வாரம் கடைகளில் நின்ற கூட்டம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

மேல்புறம், புதுக் கடைக்காரர்: ஹெல்மெட் கடை திறக்கப்போகிறேன். போர்டில் ஹெல்மெட்டா, ஹெல்மட்டா, தலைக்கவசமா? எங்கள் ஊர் ஆட்கள் எல்மெட்டு என்கிறார்கள்.

எல்மெட்டு என்கிறவர்களைத் திருத்தவேண்டாம். தமிழ்ச்சொல் ஹகரத்தில் தொடங்காது, டகர மெய்யில் முடியவும் செய்யாது. முதலில் நின்ற ஹகரத்தைக் கழித்து முடிவில் உகரம் சேர்த்தவர்கள் இலக்கணம் படிக்காமலே இலக்கணப்படி பேசுகிறார்கள்.

போர்டுக்கு ஹெல்மெட் என்றே பெரிதாக எழுதுங்கள், வண்டியை நிறுத்துகிறவன் அதைத்தான் தேடுவான். கீழே சின்னதாகத் தலைச்சீரா என்று போட்டுவையுங்கள். மாவட்டத்தில் அப்படி ஒரு போர்டு நான் பார்த்ததில்லை, பாட்டிமார் பேரனை இழுத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். ஒன்று மட்டும், பெயிண்டர் எழுதும்போது பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். தலைக்கும் சீராவுக்கும் நடுவில் ஒரு 'ச்' உண்டு, அவர் அதை விட்டுவிடுவார்.